மாநகரா? புறநகரா?

1970ஆம் ஆண்டில் மலேசிய மக்களுள் 28.4 விழுக்காட்டினர் மட்டுமே நகர்ப்புறங்களில் வாழ்ந்தனர். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்த எண்ணிக்கை 75.1 விழுக்காடாக உயர்ந்திருந்தது. ஐம்பது ஆண்டுகளில் நால்வரில் மூவர் நகரவாசிகளாகிவிட்டனர். வேலைவாய்ப்பு, உயர்கல்வி, பணிமாற்றம் ஆகிய காரணங்களால் குடும்பங்கள் இன்றும் கிள்ளான் பள்ளத்தாக்கை நோக்கி இடம்பெயர்ந்து வருகின்றன. புதிய ஊருக்கு வருவோர் பலர் உடனே வீடு வாங்குவதில்லை. முதலில் வாடகை வீட்டைத் தேடுகின்றனர். அப்போது அவர்கள் முன் எழும் முதல் கேள்வி, மாநகரின் நடுவே குடியேறுவதா, புறநகரில் குடியேறுவதா என்பதே.

பெரும்பாலும் இக்கேள்விக்கு வாடகைத் தொகையை மட்டும் பார்த்து விடை காணப்படுகிறது. மாநகரில் வாடகை அதிகம், புறநகரில் குறைவு. ஆகவே புறநகரே சிக்கனம் என்ற முடிவுக்குப் பலர் வந்துவிடுகின்றனர். இம்முடிவு சில குடும்பங்களுக்குச் சரியாக அமையலாம். வேறு சில குடும்பங்களுக்கோ அதுவே பணத்தையும் நேரத்தையும் மாதந்தோறும் விழுங்கும் பெரும் சுமையாகிவிடலாம்.

வேலையும் வீடும் பிரிந்த கதை

மலேசியத் தமிழர்களின் முந்தைய தலைமுறையினருக்கு இக்கேள்வி எழவில்லை. தோட்டப்புறத்தில் வேலையும் வீடும் ஒன்றாகவே இருந்தன. லயன் வீட்டிலிருந்து விடியற்காலைப் பெரட்டுக்கு நடந்தே சென்றுவிடலாம். தமிழ்ப்பள்ளி, ஆலயம், ஆயாக் கொட்டகை, மளிகைக் கடை ஆகிய அனைத்தும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. வீட்டுக்கு வாடகை இல்லை. போக்குவரத்துச் செலவும் இல்லை. ஆனால், அந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது. வேலை போனால் வீடும் போய்விடும்.

பின்னர், வீடமைப்புத் திட்டங்களுக்காகவும் தொழிற்பேட்டைகளுக்காகவும் பல தோட்டங்கள் கைமாறின. இன்று புகழ்பெற்ற புறநகர்களாக விளங்கும் இடங்கள் பலவும் ஒரு காலத்தில் தோட்டங்களாக இருந்தவையே. கோலாலம்பூரின் மக்கள் நெரிசலைக் குறைப்பதற்காக 1950களின் தொடக்கத்தில் பெட்டாலிங் ஜெயா உருவாக்கப்பட்டபோது, அந்நிலம் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. சுபாங் ஜெயா வட்டாரத்தில் சீஃபீல்ட் தோட்டமும், புத்ராஜெயா அமைந்துள்ள இடத்தில் பிராங் பெசார் தோட்டமும் இருந்தன. தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டிய மண்ணிலேயே இன்று பேரப்பிள்ளைகள் வாடகைக்குக் குடியிருக்கும் நிலையும் உண்டு.

இந்த மாற்றத்தால் வேலை ஓரிடத்திலும் வீடு வேறிடத்திலும் அமைந்தன. இரண்டுக்கும் இடையே தூரம் என்ற ஒன்று புதிதாக முளைத்தது. மாநகரா, புறநகரா என்ற கேள்வி உண்மையில் இந்தத் தூரத்திற்கு யார், எப்படி விலை கொடுப்பது என்ற கேள்வியேயாகும்.

புறநகர் என்பது எது?

கோலாலம்பூர் கூட்டரசுப் பிரதேசத்தின் பரப்பளவு ஏறக்குறைய 243 சதுர கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு 20 இலட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாழ்ந்தனர். அதனைச் சூழ்ந்துள்ள சிலாங்கூர் மாநிலத்தின் மக்கள்தொகையோ ஏறக்குறைய 70 இலட்சமாக இருந்தது.

இச்சூழலில், புறநகர் என்ற சொல் ஒரே வகையான இடத்தைக் குறிப்பதில்லை. ஷா ஆலாம் 2000ஆம் ஆண்டிலும், பெட்டாலிங் ஜெயா 2006ஆம் ஆண்டிலும், சுபாங் ஜெயா 2020ஆம் ஆண்டிலும் மாநகர்த் தகுதியைப் பெற்றன. இவை இப்போது தமக்கென அலுவலகங்களும் கல்லூரிகளும் மருத்துவமனைகளும் கொண்ட நகரங்கள். மறுபுறம், செமினி போன்ற இடங்களில் புதிய வீடமைப்புப் பகுதிகள் விரைந்து வளர்ந்தாலும் அங்கு இரயில் நிலையம் இல்லை. அங்கு வாழ்வோர் காரையோ மோட்டார் சைக்கிளையோ பெரிதும் நம்பியிருக்கின்றனர்.

இரயில் தடங்களும் தூரத்தின் பொருளை மாற்றிவிட்டன. 1995இல் கொமுட்டர் இரயிலும், 1996இல் முதல் எல்.ஆர்.டி. தடமும் சேவையைத் தொடங்கின. அப்போது 51 கிலோமீட்டர் நீளமிருந்த சுங்கை பூலோ - காஜாங் எம்.ஆர்.டி. தடம் 2017 ஜூலையில் முழுமையாகத் திறக்கப்பட்டது. புத்ராஜெயா தடம் 2023 மார்ச்சில் முழுமை பெற்றது. இதனால், வரைபடத்தில் தொலைவில் தெரியும் காஜாங்கில் நிலையத்தின் அருகே வசிப்பவர், நிலையம் இல்லாத ஒரு பகுதியில் மையத்திற்குச் சற்று அருகே வசிப்பவரைவிட எளிதாக மாநகருக்குச் சென்றுவர முடிகிறது. ஆகவே, ஓர் இடம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்று கேட்பது மட்டும் போதாது. அங்கிருந்து எதில் ஏறிச் செல்ல முடியும் என்பதையும் கேட்க வேண்டும்.

இரு வாழ்க்கை, இரு விலை

மாநகர வாழ்க்கையின் முதன்மையான நன்மை அண்மை. செந்தூல், பிரிக்பீல்ட்ஸ் போன்ற பகுதிகளில் இரயில் நிலையம், உணவகம், மருந்தகம், ஆலயம் ஆகியவை நடந்து செல்லும் தூரத்திலேயே கிடைக்கும். கார் இல்லாத குடும்பமும் அங்கே சிரமமின்றி வாழலாம். இரவு நேரப் பணியில் இருப்பவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் இது பெரும் வசதி. ஆயினும், அதே வாடகைக்குக் கிடைக்கும் வீடு சிறியதாக இருக்கும். போக்குவரத்து இரைச்சல், வாகன நிறுத்துமிடப் பற்றாக்குறை, பிள்ளைகள் ஓடியாட இடமின்மை ஆகியவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும். பழைய அடுக்குமாடிகளில் மின்தூக்கி பழுதானால் முதியோர் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட நேரும்.

புறநகரின் முதன்மையான நன்மை இடவசதி. மாநகரில் இரண்டு அறை கொண்ட அடுக்குமாடி வீட்டுக்குக் கொடுக்கும் வாடகையைவிடக் குறைந்த தொகையில் அங்கு மூன்று அறை கொண்ட தரை வீடே கிடைக்கக்கூடும். வாசலில் துளசி மாடம் வைக்கலாம். தீபாவளிக்கு உறவினர்கள் வந்தால் தங்க இடமிருக்கும். அக்கம்பக்கத்தாரை அறிந்து பழகும் வாய்ப்பும் மிகுதி. ஆனால், பால் வாங்கவும் பள்ளிக்குச் செல்லவும்கூட வாகனம் தேவைப்படும் வீடமைப்புப் பகுதிகள் உள்ளன. வீட்டில் ஒரே கார் இருந்து அதைத் தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றுவிட்டால், தாயும் பாட்டியும் மாலைவரை வெளியே செல்ல வழியின்றி இருப்பர். விசாலமான வீடும் அப்போது அவர்களுக்கு ஒரு தீவுதான்.

கணக்கு சொல்லும் செய்தி

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. வீடு தேடும்போது எதை அளப்பது என்பதைப் பின்வரும் எடுத்துக்காட்டு விளக்கும். இதில் வரும் வாடகையும் கட்டணங்களும் கணக்கை விளக்குவதற்காக எடுத்துக்கொண்டவை. இடத்திற்கும் காலத்திற்கும் ஏற்ப அவை மாறும்.

தைப்பிங்கில் வாழும் ஒரு குடும்பத் தலைவருக்குக் கோலாலம்பூர் மையப் பகுதிக்குப் பணிமாற்றம் கிடைக்கிறது எனக் கொள்வோம். மனைவி, படிவம் நான்கில் பயிலும் மகள், ஆண்டு மூன்றில் பயிலும் மகன், முட்டிவலியால் அவதிப்படும் பாட்டி ஆகியோர் அவருடன் வருகின்றனர். அவர்கள் இரண்டு வீடுகளைப் பார்க்கின்றனர். முதலாவது, செந்தூலில் இரயில் நிலையத்திற்கு அருகிலுள்ள இரண்டறை அடுக்குமாடி வீடு; வாடகை 1,600 ரிங்கிட். இரண்டாவது, செமினியில் உள்ள மூன்றறைத் தரை வீடு. வாடகை 1,100 ரிங்கிட். மேலோட்டமாகப் பார்த்தால் செமினி வீட்டில் மாதம் 500 ரிங்கிட் மிச்சமாகும்.

இப்போது பயணச் செலவைச் சேர்த்துப் பார்ப்போம். செமினியிலிருந்து வேலையிடம் 40 கிலோமீட்டர் எனில், போய்வர நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர். மாதத்தில் 22 வேலை நாள்களுக்கு 1,760 கிலோமீட்டர். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 14 கிலோமீட்டர் ஓடும் காருக்கு, லிட்டர் இரண்டு ரிங்கிட் என்ற கணக்கில் ஏறக்குறைய 250 ரிங்கிட் தேவைப்படும். ஒரு வழிக்கு மூன்று ரிங்கிட் டோல் எனில் 132 ரிங்கிட். வாகன நிறுத்துமிடத்திற்கு நாளொன்றுக்கு எட்டு ரிங்கிட் எனில் 176 ரிங்கிட். மொத்தப் பயணச் செலவு 558 ரிங்கிட். வாடகையோடு சேர்த்தால் 1,658 ரிங்கிட் ஆகிறது.

செந்தூல் வீட்டிலிருந்து அவர் 50 ரிங்கிட் மாதாந்தரப் பயண அட்டையைக் கொண்டு இரயிலில் செல்லலாம். வாடகையோடு சேர்த்து மாதச் செலவு 1,650 ரிங்கிட். ஆக, 500 ரிங்கிட் மிச்சம் என்று தோன்றியது எட்டு ரிங்கிட் கூடுதலாக முடிந்துவிட்டது. காரின் பழுதுபார்ப்புச் செலவு இன்னும் சேர்க்கப்படவில்லை.

நேரத்தையும் அளக்க வேண்டும். செந்தூலிலிருந்து ஒரு வழிப் பயணம் 25 நிமிடம், செமினியிலிருந்து 75 நிமிடம் எனக் கொண்டால், நாளொன்றுக்கு 100 நிமிட வேறுபாடு ஏற்படுகிறது. மாதத்திற்கு அது 36 மணி நேரத்தையும் தாண்டும். அந்நேரம் மகனின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கவேண்டிய நேரம். குடும்பத்தோடு அமர்ந்து இரவுணவு உண்ணவேண்டிய நேரம். வங்கிக் கணக்கில் பதிவாகாவிட்டாலும் இதுவும் செலவுதான்.

அப்படியானால் மாநகரமே சிறந்தது என்று முடிவு செய்யலாமா? அவசரப்படத் தேவையில்லை. இதே குடும்பம் மூன்றாவதாக, காஜாங்கில் எம்.ஆர்.டி. நிலையத்திற்கு நடந்து செல்லும் தூரத்தில் 1,300 ரிங்கிட் வாடகையில் ஒரு வீட்டைப் பார்க்கிறது எனக் கொள்வோம். பயண அட்டையோடு சேர்த்து மாதச் செலவு 1,350 ரிங்கிட். பயணம் ஒரு மணி நேரம் எடுத்தாலும் சாலை நெரிசலில் காரோட்டும் களைப்பு இல்லை. ஒருவேளை, தந்தையின் பணியிடம் மாநகர மையத்தில் இல்லாமல் பாங்கியில் உள்ள தொழிற்பேட்டையில் இருந்தால், செமினி வீடே எல்லா வகையிலும் வென்றுவிடும். வீடுகள் மாறவில்லை, குடும்பம் அன்றாடம் செல்லவேண்டிய இடம் மாறியதால் விடையும் மாறிவிட்டது.

வீட்டிலுள்ள அனைவரின் நாளும்

வேலைக்குச் செல்பவரின் பயணத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது. அந்தக் குடும்பத்தில் ஐந்து பேர் உள்ளனர். ஐவருக்கும் தனித்தனி நாள் உண்டு.

மகனுக்கு அருகில் தமிழ்ப்பள்ளி உள்ளதா என்று பார்க்க வேண்டும். நாடு முழுவதும் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருந்தாலும், அவை எல்லா வீடமைப்புப் பகுதிகளிலும் இல்லை. தோட்டங்களில் இருந்த சில பள்ளிகள் மக்கள் வாழும் புதிய பகுதிகளுக்கு இடம் மாற்றப்பட்டுள்ளன. ஆகவே, பள்ளி எங்கே உள்ளது என்பதை உறுதிசெய்த பின்னரே வீட்டைத் தேடத் தொடங்குவது நலம்.

மகளின் நிலை இன்னும் நுட்பமானது. எஸ்.பி.எம். தேர்வுக்கு முன் பள்ளி மாறும் மாணவர், தாம் எடுத்த பாடங்கள் புதிய பள்ளியிலும் கற்பிக்கப்படுகின்றனவா என்று விசாரிக்க வேண்டும். தேசிய இடைநிலைப் பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் தமிழ்மொழி கற்பிக்கப்பட வேண்டும் என்று 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் கூறுகிறது. தமிழ் மாணவர்கள் மிகக் குறைவாக உள்ள பள்ளியில் இந்த எண்ணிக்கையை எட்டுவது கடினம். வீட்டு முகவரி மாறும்போது ஒரு மாணவியின் தமிழ்ப்பாடமும் கைநழுவிப் போகக்கூடும் என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே உணர வேண்டும்.

பாட்டிக்குப் படியேறாத வீடும் பக்கத்தில் அரசாங்கச் சுகாதார மருந்தகமும் தேவை. தாய் வேலைக்குச் செல்ல விரும்பினால், அவருடைய வேலையிடமும் கணக்கில் சேரும். மாலையில் இருட்டிய பின் நிலையத்திலிருந்து வீடு வரையிலான பாதையில் விளக்குகளும் மக்கள் நடமாட்டமும் உள்ளனவா என்பதும் சிறிய விவரமன்று. இத்தேவைகளை ஒரு தாளில் எழுதி, எவற்றை விட்டுக்கொடுக்கலாம், எவற்றை விட்டுக்கொடுக்க முடியாது என்று குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து பேசினால் பின்னர் மனத்தாங்கல் ஏற்படாது.

கையொப்பமிடும் முன்

வாடகை வீடு பிடிக்காவிட்டால் எளிதில் மாறிவிடலாம் என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில், வீடு மாறுவதும் செலவுதான். மலேசியாவில் வாடகைக்கு வருபவர் பொதுவாக இரண்டு மாத வாடகையை வைப்புத்தொகையாகவும், ஒரு மாத வாடகையை முன்பணமாகவும், அரை மாத வாடகையை நீர், மின்சாரக் கட்டணங்களுக்கான வைப்புத்தொகையாகவும் செலுத்துவது வழக்கம். 1,200 ரிங்கிட் வாடகை வீட்டுக்குத் தொடக்கத்திலேயே 4,200 ரிங்கிட் வேண்டும். 2025ஆம் ஆண்டில் 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்ட குறைந்தபட்சச் சம்பளத்தோடு ஒப்பிட்டால், இத்தொகை ஒரு தொழிலாளியின் இரண்டு மாதச் சம்பளத்தைவிட அதிகம். ஒப்பந்தக் காலம் முடியும் முன்னர் வெளியேறினால் வைப்புத்தொகையை இழக்கவும் நேரிடலாம்.

ஆகவே, ஒப்பந்தத்தை வரிக்கு வரி படித்துப் புரிந்துகொண்ட பின்னரே கையொப்பமிட வேண்டும். வைப்புத்தொகை எப்போது திருப்பித் தரப்படும், எந்தப் பழுதை யார் சரிசெய்வது, பணிமாற்றம் வந்தால் எத்தனை மாத முன்னறிவிப்புடன் விலகலாம் என்பவை எழுத்தில் இருக்க வேண்டும். உரிய முத்திரை வரி செலுத்தப்பட்ட ஒப்பந்தமே நீதிமன்றத்தில் சான்றாக ஏற்கப்படும். நீதிமன்ற ஆணையின்றி வாடகைதாரரை வலுக்கட்டாயமாக வெளியேற்ற உரிமையாளருக்குச் சட்டம் இடமளிக்கவில்லை என்பதையும் அறிந்திருப்பது பாதுகாப்பு. குடியேறும் நாளன்றே சுவர், குழாய், மின்விசிறி முதலியவற்றின் நிலையைக் கைப்பேசியில் படமெடுத்து உரிமையாளருக்கும் அனுப்பிவைத்தால், வெளியேறும்போது வீண் சச்சரவைத் தவிர்க்கலாம்.

வீட்டை ஒரு முறை பார்ப்பதும் போதாது. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் இருபது நிமிடத்தில் கடக்கும் சாலை, திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு மணி நேரம் பிடிக்கலாம். எனவே, வேலை நாளின் காலையில் ஒரு முறை அப்பயணத்தைச் செய்து பார்க்க வேண்டும். இரவில் ஒரு முறை சென்று சுற்றுப்புறத்தைக் கவனிக்க வேண்டும். மழை பெய்யும் நாளில் சென்றால் இன்னும் நல்லது. 2021 டிசம்பரில் ஏற்பட்ட பெருவெள்ளம் ஷா ஆலாம், கிள்ளான், உலு லங்காட் ஆகிய வட்டாரங்களில் எண்ணற்ற வீடுகளை மூழ்கடித்தது. தரை வீட்டை விரும்புவோர் அப்பகுதியில் வெள்ளம் ஏறியதுண்டா என்று அண்டை வீட்டாரிடம் கேட்பது அவசியம். வீட்டு முகவர் சொல்ல மறந்ததைப் பக்கத்து வீட்டுப் பாட்டி சொல்லிவிடுவார்.

மாநகரம் சிறந்ததா, புறநகர் சிறந்ததா என்ற கேள்விக்கு அனைவருக்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. தோட்டப்புற வாழ்க்கையில் தூரத்தை அளக்கவேண்டிய தேவை இல்லை. குடியிருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இல்லை. இன்றைய குடும்பங்களுக்கு அந்த உரிமை கிடைத்திருக்கிறது; அதனோடு கணக்குப் பார்க்கும் பொறுப்பும் சேர்ந்தே வந்திருக்கிறது. வாடகையோடு பயணச் செலவையும், பயணச் செலவோடு நேரத்தையும், நேரத்தோடு வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் தேவையையும் கூட்டிப் பார்ப்பவருக்கு எந்த வீடு உண்மையிலேயே மலிவானது என்பது தெளிவாகும்.